கேட்டில் உடைத்த பரங்கிக்காய்

1

நேற்று சந்தையில் பரங்கிக்காயைக் குவித்து வைத்திருந்தார்கள். இந்த நாட்டில் அக்டோபர் பிறந்தால் தெருவெல்லாம் பரங்கிக்காய்தான். பார்த்த மாத்திரத்தில் என் இடது கை தன்னால் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. இரண்டு வருஷம் ஆகிறது, கைக்கு இன்னும் பயம் தெளியவில்லை. என் மனைவி செல்வி கவனித்துவிட்டாள். ஒன்றும் கேட்காமல் என் சட்டையைப் பிடித்து வெங்காயக் கடைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்து பையை இறக்கி வைக்கிறேன், போனில் சேகர் மச்சானின் குரல் வந்து கிடக்கிறது. மச்சான் என்றால் செல்வியின் அண்ணன். தவளக்குப்பம் ஜங்ஷனில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். எப்போதும் கடை வாசலில் நின்றுதான் பேசுவார், கடலூர் பஸ் ஹாரனும் கூடவே வரும்.

"மாப்ள, பாகூர் நெலத்தை முடிச்சிடலாம்னு கீறேன். மனை போடறவன் ஒருத்தன் மாட்டிக்கினான். செல்வி பங்குக்குக் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. வர பணத்துல உங்க ஊர்லயே ஒரு வூடு பாத்து வையி. யூடியூப்ல காட்றாம்பா, நம்ம வில்லியனூர் மனை வெலைக்கு ஐரோப்பாவுல மாடி வூடு! இன்னா சொல்ற? வெள்ளிக்கெழம கல்லு நடறோம்."

ஒரு பேர் மட்டும் அவர் வாயில் வரவில்லை. ஏழுமலை. மாமனார் காலத்திலிருந்து அந்த நிலத்தை, விளைச்சலில் பங்கு கொடுத்து, வாரத்துக்கு உழுகிறவன். நிலத்தின் மூலையிலேயே கொட்டாய் போட்டுக் குடும்பம் நடத்துகிறான். அவன் பெண்ணின் கல்யாணப் பந்தலும் அந்த மூலையில்தான் போட்டார்கள்.

உடனே கூப்பிட்டேன். "ஏழுமலைக்குச் சொன்னியா மச்சான்?" என்றேன்.

"அவன் நம்ம வூட்டு ஆளு மாப்ள. போன்னா போயிடுவான். நீ வூட்டைப் பாரு."

வைத்துவிட்டார். பேசினால் காதில் வாங்க மாட்டார், எழுதினாலாவது படிப்பாரோ என்னவோ. பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டுப் பக்கத்திலிருந்து வேறு சிலரும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். அங்கே வீடு வாங்கலாமா, நாடு எப்படி, ஆட்கள் எப்படி என்று. எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கோபத்தில்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

நான் கரையாம்புத்தூர்க்காரன். ஐ.டி.ஐ. முடித்து, சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்து, அங்கிருந்து ருமேனியா வந்தவன். டான்யூப் ஆற்றங்கரையில் கப்பல் கட்டுகிற ஊர் எங்களுடையது. மகள் நிலா நடை பழகி முடித்த வயதில் இங்கே வந்தாள். இப்போது தூக்கத்தில் உளறினால்கூட ருமேனிய மொழியில்தான் உளறுகிறாள். தமிழில் திட்டினால் புரியும், பதில் தமிழில் வராது.

இங்கே முன்னால் கம்யூனிஸ்ட் ஆட்சி. அது ஒழிந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. இருந்தாலும் பழக்கம் போகவில்லை. நம்ம ஊரில் ஒரு மனையைப் பார்க்கப் போனால், பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் டீக்கடைக்காரர் சொல்லிவிடுவார்: "அந்த எடமா? அதுல கேசு கீது, வேணாம்பா." இங்கே வாயைத் திறக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரன் நம்மைப் பற்றிப் போலீசுக்கு எழுதிக் கொடுத்துவிடுவானோ என்று பயந்து பயந்து வாழ்ந்த ஜனம். கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. சிரிக்காததைப் பார்த்துத் திமிர் என்று நினைத்தேன். திமிர் இல்லை, காலங்காலமாக நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தவர்கள்.

நாங்கள் பார்த்தது ஒரு பழைய காலத்து வீட்டின் கீழ்த்தளம். பெரிய இரும்பு கேட், முற்றத்தில் வாதுமை மரம், தடித்த சுவர். வெளிநாட்டுக்காரன் இங்கே மண்ணைச் சொந்தம் கொண்டாட முடியாது, கட்டடத்தை வாங்கலாம் என்றார்கள். சரி என்றேன். பத்திரம் எழுதிப் பதிகிறவரைப் புதுச்சேரியில் பழைய ஆட்கள் நொத்தேர் என்பார்களே, இங்கேயும் கிட்டத்தட்ட அதே பேர்தான். அவர் ஆபீசில் முத்திரை மேல் முத்திரையாகக் குத்தித் தள்ளினார்கள். சுத்தமான பேப்பர். வில்லங்கம் துளி இல்லை.

மாடியில் ஓர் ஆள் இருந்தார். பேர் மாரின். அறுபது தாண்டிய தனி ஆள். நாங்கள் வீட்டைப் பார்க்கப் போனபோதெல்லாம் படிக்கட்டின் மேலே நின்று பார்த்தார். நான் வணக்கம் சொன்னேன், பதில் இல்லை. விற்கிறவனிடம் கேட்டேன். "அவன் அப்படித்தான், கண்டுகொள்ளாதே" என்றான். நானும் கண்டுகொள்ளவில்லை. ஒன்றும் சொல்லவில்லையே, அப்புறம் என்ன பிரச்சினை என்று நினைத்தேன். நம்ம ஊர்ப் புத்தி. பிரச்சினை இருந்தால் ஆள் கத்துவான் என்று நினைக்கிற புத்தி.

3

எங்க அப்பா செத்த கதை உங்களில் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், மச்சானும் இன்னொரு தடவை கேட்கட்டும்.

கரையாம்புத்தூரில் அப்பா ஒரு கரும்புக் கொல்லை வாங்கினார். விற்றவர் டவுன்காரர். பத்திரம் சுத்தம். கொல்லையில் ஒரு குடும்பம் வெகுகாலமாகப் பயிர் வைத்துக்கொண்டிருந்தது. காலி செய்து கொடுப்பது என் பொறுப்பு என்று விற்றவர் சொன்னார். சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனவர்தான். அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடை திறக்கப் போனார். அந்தக் குடும்பத்து ஆள் கையில் கரும்பு வெட்டுகிற கத்தி. கழுத்தில் ஒன்று, தோளில் இரண்டு.

டெம்போவில் என் மடியில்தான் போட்டுக்கொண்டு போனேன். துண்டை வைத்து அழுத்த அழுத்த, என் விரல் இடுக்கு வழியாகச் சூடாக வந்துகொண்டே இருந்தது. வில்லியனூர் ரயில்வே கேட் மூடிவிட்டான். ரயில் வருகிறது, வருகிறது, வரவே மாட்டேன் என்கிறது. கேட்டைத் திறந்தபோது அப்பா இல்லை.

அதோடு முடிந்ததா? சித்தப்பா பையன்கள் அந்தக் குடும்பத்தின் வீட்டுக்கு நெருப்பு வைத்தார்கள். ஆட்கள் ஓடித் தப்பித்தார்கள். கொல்லைப்புறம் கட்டியிருந்த கன்றுக்குட்டியை யாரும் அவிழ்க்கவில்லை. அது கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஜெயில், கோர்ட், வாய்தா. கொல்லையில் முள் மண்டிக் கிடக்கிறது. இன்றைக்கும் அங்கே யாரும் பயிர் வைக்கவில்லை.

இதையெல்லாம் கண்ணால் பார்த்தவன் நான். பார்த்துவிட்டும் இங்கே வந்து மாடியைப் பார்க்காமல் பேப்பரைப் பார்த்தேன். ஏன்? இது ஐரோப்பா. இங்கே கோர்ட் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, வெள்ளைக்காரன் கத்தியைத் தூக்க மாட்டான். அருவா எல்லாம் நம்ம ஊர்ச் சமாச்சாரம் என்று நினைத்தேன். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி புத்தி வந்தது அப்புறம்தான்.

4

குடிபோகிற அன்றைக்கு மச்சான் வீடியோவில் ஐயர் வேலை பார்த்தார். கடைக் கல்லாவில் உட்கார்ந்துகொண்டே உத்தரவு போட்டார்.

"மொதல்ல கேட்ல பூசணிக்கா ஒட. அப்பறம் பால் காய்ச்சு."

"இங்க பூசணிக்கா கெடைக்கல மச்சான். பரங்கிக்காதான் கீது."

"பரங்கிக்கா ஒடைச்சா திருஷ்டி போவுமா?" என்று செல்வி குறுக்கே கேட்டாள்.

"ஐரோப்பா திருஷ்டிக்குப் பரங்கிக்கா போதும்டி. குங்குமத்தை நல்லா கரைச்சி உள்ள ஊத்து. தண்ணியா இருந்தாதான் கேட்ல நல்லா அடிக்கும்."

எல்லோரும் சிரித்தோம். காயின் தலையைச் சீவி, இந்தியக் கடையில் வாங்கிய குங்குமத்தைக் கரைத்து ஊற்றி, மேலே கற்பூரம் கொளுத்தினேன். மூன்று சுற்று சுற்றிக் கேட்டின் இரும்புக் கம்பியில் ஓங்கி அடித்தேன். நன்றாகத்தான் உடைந்தது. கேட்டு முழுக்கச் சிவப்பு. கீழே சிமெண்டில் வழிந்து ஓடியது. நிலா போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மச்சான் அந்தப் பக்கத்தில் கை தட்டினார். செல்வி முற்றத்தை ஒட்டிய சமையலறையில் பால் வைத்திருந்தாள், பொங்கிவிட்டது என்று உள்ளே ஓடினாள்.

மாடிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மாரின் படியில் வந்து நின்றான். கேட்டைப் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளே போனான். நல்லது, போய்விட்டான் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் விறகு பிளக்கிற கோடாலி.

அவன் ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தான். எனக்கு இன்னமும் அதுதான் கனவில் வருகிறது. கிட்டே வந்ததும் தலைக்கு மேல் தூக்கி இறக்கினான். நான் இடது கையை நீட்டித் தடுத்தேன். வலிக்கவில்லை, முதலில் சத்தம்தான் கேட்டது. பச்சை மட்டையைப் பிளக்கிற சத்தம். கையைப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது எலும்பு. விழுந்தேன். மறுபடியும் தூக்கினான். நான் அவன் முழங்காலை எட்டி உதைத்தேன். என் மேல் விழுந்தான், கோடாலி சிமெண்டில் பட்டுத் தெறித்தது. ஒற்றைக் கையால் அவன் தொண்டையைப் பிடித்தேன். விட மாட்டேன், கொன்றே தீருவேன் என்றுதான் பிடித்தேன். அப்பாவை வெட்டியவன் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்த முகம் கிடைத்துவிட்டது என்றே என் கைக்குப் பட்டது. அவன் கண் பிதுங்குகிறது, என் பல்லெல்லாம் ரத்தம், அப்போதும் விடவில்லை.

செல்வி பால் பாத்திரத்தோடு வந்தாள். பொங்கிய பால். கண்ணு மண்ணு தெரியாமல் அவன் முகத்தில் ஊற்றினாள்.

அவன் கத்திய கத்தல். கன்றுக்குட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது.

நிலா எங்கள் நடுவில் வந்து விழுந்து இரண்டு பேரையும் மாறி மாறி அறைந்தாள். தரையில் கிடந்த போனுக்குள்ளிருந்து மச்சான், "இன்னா ஆச்சி, ஏய், இன்னா ஆச்சி" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

5

போலீஸ் வந்தது. பரங்கிக்காய்த் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டு சீல் வைத்தார்கள். தையல் போட்ட கையோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான். எதிரில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். நடுவில் மொழிபெயர்க்க என் மகள். முறைப்படி மொழிபெயர்ப்பாளர் வர மறுநாள் ஆகும் என்றார்கள், அதுவரை பூர்வாங்க விசாரணை.

"அது என்ன விலங்கின் ரத்தம்?"

"ரத்தம் இல்லை, நெற்றியில் வைக்கிற பொடி."

"நெற்றியில் வைக்கிற பொடியைக் காய்க்குள் ஊற்றி ஏன் கேட்டில் அடித்தீர்கள்?"

"கெட்ட கண் படாமல் இருக்க."

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தினார். எங்கள் ஊரிலும் குழந்தைக்குக் கண் படாமல் கையில் சிவப்பு நூல் கட்டுவோம் என்றார். பிறகு மறுபடியும் எழுதினார்.

அவர்தான் சொன்னார். அந்த வீடு முழுக்க மாரினின் அப்பா கட்டியது. ஆட்சிக்காரர்கள் வந்து அவரை முற்றத்தில் போட்டு மிதித்து, வீட்டைப் பிடுங்கிக்கொண்டு, குடும்பத்தை மாடியில் ஒரே அறையில் தள்ளினார்கள். மாரின் பிறந்தது அந்த அறையில். கீழே ஓர் அதிகாரி குடும்பத்தை வைத்தார்கள். ஆட்சி போன பிறகு அதிகாரியின் மகன் அதைச் சட்டப்படி அரசாங்கத்திடமே வாங்கிவிட்டான். மாரின் வழக்குப் போட்டார். வழக்கு நடந்தபோது ஒருநாள் கேட்டில் பன்றி ரத்தம் ஊற்றியிருந்தது. மறுநாள் ஆட்கள் வந்து அவர் விலா எலும்பை முறித்தார்கள். வழக்கு தோற்றது. அந்த மகன்தான் எனக்கு விற்றவன்.

கேட்டில் சிவப்பைப் பார்த்தால் அடுத்து ஆள் வருவான். அவருக்குத் தெரிந்தது அதுதான். இந்தத் தடவை அடி வாங்கக் கூடாது என்று முந்திக்கொண்டார்.

தெருவுக்கே தெரியும் இந்தக் கதை. ரொட்டிக் கடைக்காரிக்குத் தெரியும், தபால்காரருக்குத் தெரியும். நான் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்காததை இந்த நாட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அந்த நேரத்தில் இதெல்லாம் என் மண்டையில் ஏறவில்லை. ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. "சொல்லுடி அவங்ககிட்ட," என்றேன் நிலாவிடம். "நான் வெளிய வந்தா அவனைக் கண்டந்துண்டமா வெட்டிப் போடுவேன்னு சொல்லு. நான் யாரு வூட்டுப் புள்ளன்னு அவனுக்குத் தெரியாது."

நிலா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இன்ஸ்பெக்டரிடம் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு நர்சைக் கூப்பிட்டார். நர்ஸ் வந்து ஊசி போட்டாள்.

"இன்னாடி சொன்ன?"

"அப்பாவுக்கு ரொம்ப வலிக்குதுன்னு சொன்னேன்," என்றாள். பதில் தமிழில் வந்தது. பதினொரு வயசு.

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன்.

6

இதுவரைக்கும் எழுதி வைத்துவிட்டுப் படுத்தேன். மறுநாளும் எழுதினேன், அடித்தேன், மச்சானுக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். இன்று வெள்ளிக்கிழமை. அனுப்புவதற்குள் அவரே வீடியோவில் வந்துவிட்டார்.

பாகூர் நிலம். வரப்போரமாக வரிசையாக வெள்ளை அடித்த கல். மண்ணில் உடைந்த பூசணிக்காய், சுற்றிச் சிவப்பு. கல் நட்ட ஆட்கள் பிரியாணிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சிச்சி மாப்ள! நீ சும்மா பயந்து சாவுற."

"ஏழுமலை இன்னா சொன்னான்?"

"இன்னா சொல்லுவான்? கொட்டா வாசல்ல வந்து நின்னான். பாத்தான். ஒண்ணுமே சொல்லல, உள்ள போயிட்டான். நான்தான் சொன்னனே, நம்ம வூட்டு ஆளுன்னு."

பக்கத்தில் நின்ற செல்வி போனை வெடுக்கென்று பிடுங்கினாள். கதவைத் திறந்துகொண்டு முற்றத்துக்குப் போனாள். மாடிப்படியில் ஏறினாள். நிலாவும் நானும் பின்னாலேயே ஓடினோம்.

இரண்டு வருஷமாக அந்தப் படியில் நாங்கள் கால் வைத்ததில்லை. எங்களுக்கும் அவருக்கும் வழக்கு நடக்கிறது, அவர் மேல் ஒன்று, செல்வி மேல் ஒன்று, இரண்டு பேரும் ஜாமீனில். விற்றுவிட்டுப் போகவும் முடியாது, வழக்கு இருக்கிற வீட்டை யார் வாங்குவார்கள்? ஒரே கேட்டில் போய் வருகிறோம். ஒருவர் வந்தால் ஒருவர் நின்றுவிடுவோம். என் கையில் இரண்டு விரல் மடங்காது. வெல்டிங் போய், ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை.

செல்வி கதவைத் தட்டினாள். மாரின் திறந்தார். இடது பக்கக் கன்னமும் கழுத்தும் மெழுகு உருகி உறைந்த மாதிரி, அந்தப் பக்கத்துக் கண் பாதிதான் மூடும். செல்வியைப் பார்த்ததும் ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டு பின்வாங்கினார். அவளைப் பார்த்து அந்த மனுஷன் பயந்தார். நிலா உள்ளே போய் அவர் கையை மெதுவாகப் பிடித்து, அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். அவர் யோசித்தார். பிறகு மறைத்த கையை எடுத்தார்.

செல்வி போனை அவர் பக்கம் திருப்பினாள்.

"பாரு அண்ணா. நல்லா பாரு. அன்னிக்கு கை தட்டினியே, அப்பறம் நடந்தது இது. நான் ஊத்துன பால். நான்! ஒரு ஈயைக்கூட அடிக்காதவன்னு சொல்லுவியே, அந்த செல்வி." என் கையைப் பிடித்து இழுத்து, சட்டையை மேலே தள்ளி, தழும்பையும் காட்டினாள். "இந்த ஆளும் ஒண்ணுமே சொல்லலண்ணா. நின்னு பாத்துட்டு உள்ளதான் போனாரு."

தவளக்குப்பம் ஹாரன் இல்லை, பாகூர்க் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. மச்சான் திரும்பி ஏழுமலையின் கொட்டாய்ப் பக்கம் பார்ப்பது தெரிந்தது.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றாள் செல்வி. "ஏழுமலைக்கும் அதுல ஒரு பங்கு எழுதினாதான் போடுவேன். இப்பவே கல்லைப் புடுங்கு. புடுங்கிட்டு அவன் வூட்டுக்குப் போயி பேசு."

மச்சான் குனிந்து கல் பக்கத்தில் கிடந்த கடப்பாறையை எடுத்தார். "சரி... சரிடி. புடுங்கறேன். நம்ம பசங்க நாலு பேரைக் கூட்டிக்கினு போறேன்."

"பசங்க வேணாம்."

"சும்மா ஒரு தொணைக்குத்தான்..."

"அண்ணா." செல்வி அழுதுகொண்டே சொன்னாள். "தனியா போ. கையில கல்லு நட்ட கடப்பாறை இருக்குது பாரு, அதைக் கீழ போட்டுட்டுப் போ."